சைடுகாரில் என் இடம்

எங்கள் அண்ணன் எனக்குச் செய்ததை எதிரிகூடச் செய்ய மாட்டான். கூடப் பிறந்தவன் செய்தான். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்தொன்பது வயது.

வண்ணார்பேட்டை மெக்கானிக்குகள் நாலைந்து பேர் சேர்ந்து, பாபநாசத்திலிருந்து அணைக்கு ஏறும் மலைச்சாலையில் பைக் போட்டி வைத்தார்கள். சைடுகார் வண்டிகளுக்குத் தனிப் போட்டி. யார் சீக்கிரம் உச்சிக்குப் போகிறாரோ அவருக்குக் கோப்பை. அப்பா போன பிறகு சும்மா கிடந்த புல்லட்டில் சைடுகார் இருந்தது. அண்ணன் அதன் தொட்டியைக் கழற்றிவிட்டு வெறும் பலகையைப் பூட்டினான். அந்தப் பலகைக்கு ஓர் ஆள் வேண்டும். இடப்பக்க வளைவில் அந்த ஆள் வெளியே தொங்காவிட்டால் சைடுகார் சக்கரம் தூக்கி வண்டி குடைசாய்ந்துவிடும். வலப்பக்க வளைவென்றால் ஓட்டுகிறவன் முதுகோடு ஒட்டிச் சாய வேண்டும். அவன் கூட்டாளிகள் ஒருத்தனும் ஏறவில்லை. வாய்ச்சவடால்தான் மிச்சம். நான் ஏறினேன்.

எனக்குப் பாபநாசத்தில் குளியல், அவனுக்கு வண்டிப் பழக்கம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு, நாலு மாதம் ஞாயிறுதோறும் போனோம். திரும்பும்போது துண்டை மறக்காமல் ஆற்றில் நனைத்துக்கொள்வேன். அண்ணனின் பழைய பேண்ட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தொங்குவேன். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. எஞ்சின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. அதனால் வளைவு முடிகிற நேரம், சக்கரம் தரையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவன் முதுகில் ஒரு தட்டு தட்டுவேன். அதற்குப் பிறகுதான் ஆக்சிலேட்டரை முறுக்குவான்.

"நீ இல்லன்னா இந்த வண்டியே இல்லட்டி" என்பான். நானும் நம்பினேன், கூறுகெட்டவள்.

போட்டிக்கு முந்தின நாளே அவன் வண்டியோடு போய்விட்டான். மறுநாள் காலை நான் குளிக்கப் போவதாகத் துண்டோடு கிளம்பி பஸ்ஸில் போய் இறங்கினால், பலகையில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் என் ஹெல்மெட். பெரிதாக இருந்ததென்று என் தாவணித் துணியைக் கிழித்துத் திணித்து வைத்திருந்தேனே, அதே ஹெல்மெட்.

"யாருண்ணே இது?"

"மச்சினன்லா, சாத்தான்குளத்துல இருந்து. பொண்ணு வீட்டு ஆளுவ எல்லாம் வந்திருக்காவ. நீ பேண்ட்டப் போட்டுத் தொங்குனா என்ன நெனப்பாவ? அவரும் ஆசப்பட்டுக் கேக்காரு. மாட்டேம்னு சொல்ல முடியுமாட்டி?"

நிச்சயம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புது மச்சினன் வாய்விட்டுக் கேட்டதை மாப்பிள்ளை தட்டக் கூடாதாம்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா அழுவ. சரி, எந்த வளைவுல எந்தப் பக்கம் சாயணும்னு அவருக்குப் பைய சொல்லிக் குடு."

பாவி! ஆனாலும் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு வளைவையும், எங்கே ஜல்லி கிடக்கிறது என்பதையும் சொன்னேன். மாற்றிச் சொல்லியிருக்கலாம், ஆள் செத்துப்போவாரே என்று மனசு வரவில்லை. முதுகில் தட்டுவதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இத்தனை வருடம் சொல்லிவந்திருக்கிறேன். பொய். தெரிந்தேதான் சொல்லவில்லை. அண்ணனுக்கோ அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆறு வண்டிகளில் ஆறாவதாக வந்தார்கள்.

இறங்கி வந்ததும் மச்சினன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஒரு தடவகூட சக்கரம் தூக்கல, பாத்தியளா அத்தான்?" என்றார். அண்ணன் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனான். முகம் செத்திருந்தது.

"ஒரு வளைவுலயும் முறுக்க முடியலட்டி. முதுகுல தட்டு விழும் விழும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

மன்னிப்புக் கேட்பான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

"துண்ட நனச்சிட்டியா? அம்மா கேப்பால்லா" என்றான்.

கேட்கட்டும் என்று காய்ந்த துண்டோடு பஸ் ஏறினேன்.