விசில் வராத குக்கர்

முதலில் மக்கர் செய்தது பற்பசை. ஒரு நாள் காலையில் டியூபை அமுக்கினேன், வரவில்லை. தீர்ந்துவிட்டது என்று நினைத்து மகளிடம் வேறு கேட்டேன். அவள் அதே டியூபை வாங்கி அமுக்கினாள். பிரஷ் நிறைய வந்தது.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அடுத்த வாரம் துணி பிழிய முடியவில்லை. அடுத்த மாதம் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. இரண்டு மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்கின. ஒரு கையில் மட்டும் வந்தால் சுளுக்கு என்று இருந்துவிடலாம். இரண்டு கையிலும் சேர்ந்து வந்து மாதக்கணக்கில் இருந்தால் சும்மா இருக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு வருடத்தை வீணாக்கினேன். பக்கத்தில் ஒருவர் ஊசி போட்டார். ஊசி போட்ட இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழைய கதை. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு சொந்தக்காரர் முந்திரிக்கொட்டை எண்ணெய் கொண்டுவந்து தடவச் சொன்னார். தோல் கொப்பளித்தது. மூட்டு அப்படியே இருந்தது.

எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வாயு. உருளைக்கிழங்கைத் தொடாதே, முட்டைக்கோஸைத் தொடாதே, இரண்டும் வாயு. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் நடந்தால் பத்து வீட்டில் பத்துப் பேர் இதைச் சொல்வார்கள். நானும் தொடவில்லை. விரல்கள் மட்டும் வீங்கிக்கொண்டே போயின.

கடைசியில் பெரம்பலூர் போய், அங்கிருந்து பஸ் மாறித் திருச்சிக்குப் போனேன். பார்த்தது ஒரு பெண் டாக்டர். இரத்தம் எடுத்தார்கள், கைகளைப் படம் பிடித்தார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (உடம்பின் காவல் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம்) என்று எழுதினார். மெத்தோட்ரெக்சேட் (அந்தத் தாக்குதலை அடக்கும் மாத்திரை) கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டீங்கன்னா உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை போடுவீங்க?"

"வெள்ளிக்கிழமை. ஜும்மா அன்னிக்கு மறக்காது."

"காலையில எந்திரிச்சதும் விரல் எவ்வளவு நேரம் மடங்காம இருக்கு?"

"ரொம்ப நேரங்க."

"ரொம்ப நேரம்னா எனக்கு என்ன தெரியும்? கடிகாரத்தைப் பாத்து எழுதிட்டு வாங்க."

கோபம் வந்தது. வலியில் கிடக்கிறவளிடம் கணக்கு கேட்கிறாரே என்று. ஆனாலும் எழுதினேன். முதல் நாள் மூன்று மணி நேரம். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார். ஆனது. மூன்று மணி நேரம் இரண்டானது. பிறகு ஒன்றானது. பிறகு ஐம்பது நிமிடத்தில் நின்றுவிட்டது. எழுதாமல் இருந்திருந்தால் குறைந்தது எனக்கே தெரிந்திருக்காது. வலி குறையும்போது யாரும் கவனிப்பதில்லை.

இதற்குள் வீட்டில் வேறு ஒன்று நடந்துவிட்டது. என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார். அவருடைய அக்கா, விதவை, எனக்குத் துணைக்கு வந்தார். மச்சி என்று கூப்பிடுவேன். வந்த மறுநாளே அடுப்படியை எடுத்துக்கொண்டார். தவறில்லை, என்னால் முடியவில்லை. ஆனால் ரிஸ்வானா, என் மகள், பத்தாவது முடித்த அன்று மச்சி ஒரு பேச்சு பேசினார்.

"போதும் புள்ள. பத்து வரைக்கும் படிச்சிட்டா. எனக்கும் வயசாவுது, நான் எத்தன நாளைக்கு இங்க கெடப்பேன்? அவ அடுப்பப் பாக்கட்டும்."

"அவ ப்ளஸ் ஒன் போவணும் மச்சி."

"நான் அஞ்சாவதுல நின்னேன். செத்தா போயிட்டேன்?"

வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போன் வந்தது. அவர் இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, "அக்கா சொல்றதும் நியாயந்தானே" என்றார். எனக்குக் கையில் பலம் இருந்திருந்தால் போனை உடைத்திருப்பேன். கத்தினேன். என்னால் ஆக்க முடியும், என் பிள்ளை அடுப்படிக்குப் போக வேண்டாம் என்று கத்தினேன்.

மச்சி அமைதியாகச் சொன்னார். "ஒரு நாள், ஒரு வேள, யாரு கையும் படாம நீயா ஆக்கிக் காட்டு. நானே அவளக் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல சேத்துட்டு வரேன்."

பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன் விண்ணப்பப் பாரம் கொடுக்கப் பத்து நாள் இருந்தது.

அரிவாள்மணையில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழ முடியாது. அம்மியும் மாவாட்டுவதும் போன ஜன்மம். குழம்பைக் கிண்ட மணிக்கட்டு வேண்டும், சோறு வடிக்க இரண்டு மணிக்கட்டும் வேண்டும். எதைச் செய்யாமல் சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ஷோகேஸ் மேலே பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் இருந்த பெட்டி கண்ணில் பட்டது.

போன தடவை லீவில் என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. ஸ்லோ குக்கர். உள்ளே கனமான பீங்கான் சட்டி, வெளியே கரண்டு. துபாயில் ஒரே ரூமில் எட்டுப் பேர். கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் காலையில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சாஸேஜ் எல்லாவற்றையும் இதில் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போவாராம். சாயங்காலம் திரும்பும்போது சாப்பாடு தயாராம். கிண்ட வேண்டாம், பார்க்க வேண்டாம். அலமாரியில் அவர் கொண்டுவந்த கோழி சாஸேஜ் டின் நான்கு இருந்தது. சாஸேஜ் என்றால் கொத்துக்கறியை விரல் நீளத்துக்கு உருட்டி அடைத்தது. யாரும் தொடவில்லை. ரிஸ்வானா மட்டும் ஒரு நாள் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். எனக்கு விலக்கின இரண்டு பொருள்.

அந்த வாரம் திருச்சிக்குப் போகும் முறை வந்தது. டாக்டரிடம் கேட்டேன்.

"கோஸும் கிழங்கும் சாப்பிடலாமாங்க?"

"யாரு வேணாம்னா?"

"ஊரே சொல்லுதுங்க. வாயுவாம்."

சிரித்தார். "வயிறு கொஞ்சம் உப்பும். அது வயித்துல. வயித்துக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல குழாய் ஒண்ணும் கெடையாது. சாப்பிட்டுப் பாருங்க. மறுநாள் காலையில கடிகாரத்தப் பாருங்க. நேரம் ஏறுனா விட்டுடுங்க."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்தேன். வயிற்றில் இருப்பதும் வாயு. மூட்டைப் பிடிப்பதும் வாயு. ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைத்துவிட்டு, ஒன்று இன்னொன்றுக்குள் போகிறது என்று நாமே நம்பிவிட்டோமா? எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை வந்தது. நோய் வந்த பிறகு எனக்கு வந்த முதல் ஆசை அது.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். என் மாதிரிக் கை உள்ளவர்களுக்காகச் செய்முறையை அப்படியே எழுதுகிறேன்.

எலுமிச்சை அளவுச் சின்ன உருளைக்கிழங்காக வாங்கச் சொன்னேன். வெட்ட வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம். வாளித் தண்ணீரில் போட்டு உள்ளங்கையால் உருட்டிக் கழுவினேன். முட்டைக்கோஸை வெட்டவில்லை. இலை இலையாகப் பிரித்து, மேசை விளிம்பில் வைத்து முழங்கையால் அழுத்திக் கிழித்தேன். டின் மூடியில் வளையம் இருக்கும். அதற்குள் கரண்டிக் காம்பை விட்டு, முன்கையால் நெம்பினேன். மூன்றாவது நெம்பலில் திறந்தது. பூண்டை உரலில் போடாமல் டம்ளர் அடியால் தட்டினேன்.

கிழங்கு அடியில். அதுதான் வேகத் தாமதம் ஆகும். அதன் மேல் பூண்டு, மிளகு, ஒரு டம்ளர் தண்ணீர். மேலே கோஸ். எல்லாவற்றுக்கும் மேலே சாஸேஜ், முழுசாக. உப்பு கொஞ்சமாக, சாஸேஜிலேயே உப்பு இருக்கிறது. மூடியை இரண்டு உள்ளங்கையால் பிடித்து மூடினேன். குறைந்த சூட்டில் வைத்தேன். காலை பத்து மணி. சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் சாப்பிடலாம்.

இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் பிடித்தது. மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்தேன்.

விசில் சத்தம் கேட்டது.

முதலில் பக்கத்து வீடு என்று நினைத்தேன். இரண்டாவது விசில் எங்கள் அடுப்படியிலிருந்து வந்தது. என் சட்டிக்கு விசில் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். பீங்கான் சட்டி காலியாக இருந்தது. அடுப்பில் எங்கள் பழைய பிரஷர் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன மச்சி பண்ணீங்க?"

"குக்கர்னு சொன்ன. மூணு மணி நேரமா பாக்குறேன், ஒரு விசில் வரல. கரண்டு வரலியோ, கெட்டுக் கிட்டுப் போயிடுமோன்னு நல்ல குக்கர்ல மாத்தி வச்சேன். நாலு விசில் விட்டாப் போதும்ல?"

"அது அந்தக் குக்கர் இல்ல."

"அப்ப அதுக்கு ஏன் குக்கர்னு பேரு?"

திறந்தபோது கிழங்கு கூழாகியிருந்தது. சாஸேஜ் வெடித்து மிதந்தது. அழுதேன். பிறகு கத்தினேன். வேண்டுமென்றே கெடுத்தீர்கள் என்றேன். மச்சியின் முகம் சுருங்கியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆனால் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று அவர்தான் அந்தக் கூழை அடித்துத் தாளித்து எல்லோருக்கும் போட்டார். "யாரு கையும் படாமன்னு சொன்னேன். என் கைதான் பட்டுச்சு. இது கணக்குல வராது," என்றார். நேர்மையான மனுஷி.

பாரம் கொடுக்க நான்கு நாள் இருந்தபோது மறுபடி வைத்தேன். இந்த முறை குக்கர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "மச்சி, இது சட்டி. கரண்டுச் சட்டி. சத்தம் போடாது," என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தடவ தெறந்து பாத்துடவா?"

"தெறந்தா அரை மணி நேரம் பின்னாடி போயிடும்."

"எப்படித்தான் சத்தமில்லாம வேவுது?"

"எனக்கும் தெரியல மச்சி. பாப்போம்."

மத்தியானம் ஒரு மணி நேரம் கரண்டு போனது. மச்சி என்னைப் பார்த்தார். நான் மூடியின் மேல் கனமான துண்டைப் போட்டேன். பீங்கான் சூட்டை விடவில்லை. நாலு மணிக்கு மூடியில் நீர் கோத்தது. ஐந்து மணிக்குப் பூண்டு வாசம் வாசல் வரை போனது. மச்சி எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

சட்டியைத் தூக்கக் கூடாது. அதன் கனத்துக்கு நம் மணிக்கட்டு தாங்காது. அங்கேயே வைத்துக் கரண்டியால் அள்ளிப் போட்டேன். கிழங்கு முழுசாக இருந்தது, அழுத்தினால் உடைந்தது. கோஸ் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. ரிஸ்வானா மூன்று சாஸேஜ் சாப்பிட்டாள். மச்சி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"சோறு எங்க புள்ள?"

"இதுக்குச் சோறு கெடையாது."

"அப்ப இது என்ன சாப்பாடு?"

"வயிறு நெறஞ்சுதா இல்லியா?"

"நெறஞ்சுது. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்ல."

மச்சி தட்டைக் கழுவி வைத்தார். பிறகு அவரே சொன்னார். "சரி, நீயா ஆக்கிட்ட. ஆனா அவ்வளவு கெழங்கும் கோஸும் தின்னுருக்க. காலையில உன் கை மடங்கட்டும், ஒத்துக்குறேன். மடங்காமப் போச்சுன்னா தெனமும் யாரு ஆக்குவா?"

காலையில் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் மச்சி இருந்தார். மடியில் அலாரக் கடிகாரம். ஆறு மணி. என் விரல்கள் மரக்கட்டையாக இருந்தன, எப்போதும் போல. இரண்டு பேரும் என் கையையே பார்த்தோம். எனக்குப் பயமாக இருந்தது. டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தால்? ஆறு முப்பதுக்குச் சுண்டுவிரல் அசைந்தது. ஆறு நாற்பதுக்கு நடுவிரல் பாதி மடங்கியது. ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கையை மூடினேன்.

"எப்பவும் எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஐம்பது."

"ரெண்டு நிமிஷம் கூட."

"மச்சி."

"சரி சரி." எழுந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். "ராத்திரி பூரா எனக்குத்தான் வாயு."

அன்று ஒன்பது மணிப் பஸ்ஸில் ரிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். என்ன குரூப் என்று கேட்டதற்கு மச்சியே பதில் சொன்னாராம். "டாக்டருக்குப் படிக்கிற குரூப்பு." அது உயிரியல் குரூப்.

நோய் போகவில்லை. இது போகிற நோய் இல்லை, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலது கையில் இரண்டு விரல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன, அவை திரும்பாது. முதல் வருடத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் சாய்ந்திருக்காதோ என்னவோ. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. சாஸேஜ் தீர்ந்துபோனது, இப்போது கொத்துக்கறியை உருட்டிப் போடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் நான் சமைக்கிறேன், மூன்று நாள் மச்சி.

எனக்குப் பழகாதது ஒன்றுதான். பத்து மணிக்குச் சட்டியை மூடிய பிறகு சாயங்காலம் வரை எனக்கு வேலை இல்லை. முன்பு என் உடம்பு ஓடும், நேரம் பின்னால் வரும். இப்போது நேரம் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது, நான் மெதுவாகப் போய்ச் சேர்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சும்மா ரிஸ்வானாவின் உயிரியல் புத்தகத்தை எடுத்தேன். மூட்டின் படம் இருந்தது. இரண்டு எலும்பு, நடுவில் வழுவழுப்பான திரவம், அதைச் சுற்றி மெல்லிய உறை. அந்த உறைதான் எனக்கு வீங்குகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படத்தில் அது ஒரே ஒரு கோடு. மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இது வீங்குனா என்ன ஆவும்னு எங்க போட்டுருக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "அது போடல. உங்க வியாதி சிலபஸ்ல இல்லம்மா."

அவள் போன பிறகு என் கையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று நாற்பது வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. பக்கத்தை விரலால் எடுக்க வரவில்லை. உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன். திரும்பியது. அடுத்த பக்கத்தில் முதுகெலும்பு இருந்தது.