கடலோர பங்களாவின் தூண்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்றில் மண்ணூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் வீடு இடிக்கும் வேலைக்குப் போனோம். சென்னையில் கடலைப் பார்த்த பங்களா. வெள்ளைக்காரன் கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்றார்கள். கடல் பக்கம் அரைவட்டமாக வெளியே தள்ளிய வராந்தா, ஆறு உருண்டைத் தூண்கள். தொட்டால் சலவைக்கல் மாதிரி வழவழவென்று சில்லென்றிருக்கும். உள்ளே பெரிய ஹால். அதன் மேல்தளம், தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் இறுக்கியது.

தளத்தைக் கொத்தி எடுத்தாயிற்று. உத்திரம் உடையாமல் இறங்க வேண்டும். எங்கள் ஊரில் ஓட்டு வீடு பிரித்தால் கயிற்றை வேப்பமரத்தில் சுற்றித்தான் இறக்குவோம். அங்கே மரமில்லை. மேஸ்திரி வராந்தாத் தூணைத் தட்டினார்.

"கோயில் தூணாட்டம் கல்லு கீது பாரு. யானையக் கட்னாலும் அசையாது."

"யானைக்கு எங்க போறது? உன்னியே கட்டிப் பாக்கலாமா மேஸ்திரி?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அந்தத் தூணடியில் சோற்றுத் தூக்கை வைக்கப்போய், கை பட்டுப் பூச்சு உதிர்ந்திருந்தது. உள்ளே கல் இல்லை, செங்கல். உப்புக்காற்றில் மாவாகப் போயிருந்தது. வழவழப்பெல்லாம் சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினது.

அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய், "இன்னாங்க, அந்தத் தூணு..." என்றேன்.

"போய் கல்லு அடுக்கு, போ. மேஸ்திரிக்குத் தெரியாததா உனுக்குத் தெரிஞ்சிட்ச்சி?"

போய்விட்டேன்.

அவர் கீழே நின்று உத்திரத்தின் முனையைத் திருப்பிக்கொண்டிருந்தார். தூணில் சுற்றியிருந்த கயிற்றில் பாரம் ஏறியதும் தூண் நடுவில் பிளந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, மூட்டை அவிழ்ந்த மாதிரிதான். உத்திரம் அவர் இடுப்பில் விழுந்தது.

ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார். அதில் ஒருநாள், "அன்னிக்கு தூணப் பத்தி இன்னாமோ சொல்ல வந்தியே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

தூண் ஆறா, எட்டா, நிச்சயமில்லை. அந்தக் காலத்துக் கடலோர வீடுகளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். எல்லாத் தூணும் உள்ளே செங்கல்தானா, மேஸ்திரிகளுக்கு அது தெரிந்திருக்குமா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.