கழுவாத திராட்சைக்காக சேந்தமங்கலம்

ஒயின் ஊர் என்றதும் எல்லோரும் நாசிக்குக்கு டிக்கெட் போடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஒயின் ஊர் சேந்தமங்கலம்தான். கொல்லிமலை அடிவாரத்தில், செப்டம்பரிலும் சித்திரை மாதிரி வெயில் அடிக்கிற சின்ன ஊர். சேலத்தில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் கேக்கோடு வீட்டில் போட்ட திராட்சை ஒயினும் இருக்கும். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் முடிந்த முதல் சனிக்கிழமை, பள்ளியில் டீச்சராக இருந்த அம்மா சேந்தமங்கலம் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கி வந்து பீங்கான் ஜாடியில் போடுவார். பள்ளி நாட்களில் குடையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போவேன். லாரி டிரைவரான அப்பா அந்த மாதம் எப்போதும் குஜராத்திலோ ஒடிசாவிலோ இருப்பார்.

அம்மா போன வருடம் ஜூனில் இறந்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவே ஒயின் போட்டார். கடைவீதியில் திராட்சை வாங்கினார், மூன்று தண்ணீர் மாற்றித் தேய்த்துக் கழுவினார், அம்மா போடுகிற அளவுக்கே சர்க்கரை போட்டார். ஜாடி பொங்கவே இல்லை. பத்து நாளில் பூசணம் பிடித்தது. அதைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தவர் பண்டிகையன்று கேக்கைக்கூடத் தொடவில்லை. இந்த வருடம் நான் சென்னையிலிருந்து போனபோது, "ஜாடிய யாருக்காவது குடுத்துரு பாப்பா" என்றார். எனக்குத் தாங்கவில்லை. அம்மாவோடு சேர்ந்து அம்மா செய்ததும் வீட்டை விட்டுப் போய்விடும் போலிருந்தது. ஒரே ஒரு முறை சேந்தமங்கலம் வாருங்கள் என்று நச்சரித்துத்தான் அவரைக் கிளப்பினேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.40க்கு நாமக்கல் பஸ். 52 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 48 ரூபாய். முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டிய ஆளோடு பஸ்ஸில் போவது லேசான காரியம் இல்லை. டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் பக்கத்தில் ஒருவர் "ச்சு" கொட்டினார். நாமக்கல்லில் இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினோம். 11 கிலோமீட்டர், அரை மணி நேரம். பெண் என்பதால் எனக்கு இலவசம், அப்பாவுக்குப் பத்து ரூபாய். அதிலும் அவருக்கு ஒரு முணுமுணுப்பு.

சேந்தமங்கலத்தில் இறங்கியதும் மலை முன்னால் வந்து நின்றது. ஜவுளிக்கடை, உரக்கடை, டீக்கடை என்று தெரு முழுக்க வெயில். அம்மாவும் நானும் கரும்புச்சாறு குடித்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. மற்றபடி பெரிய மாற்றமில்லை. அம்மா மட்டும் இல்லை என்பது அந்தத் தெருவில் நின்றபோது புதிதாக வலித்தது.

"தெராட்சத் தோட்டமுங்களா? ஏறுங்க, நூறு ரூவா குடுத்துருங்க" என்றார் ஆட்டோக்காரர். நான்கு கிலோமீட்டர்.

தோட்டக்காரர் செல்லமுத்து பந்தலடியில் ஸ்டூல் மேல் நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரியை நிறுத்தினார்.

"வாங்க சாமி. டீச்சரம்மா புள்ளைங்களா? மொகம் அப்படியே இருக்குதுங்க. அம்மா வரலீங்களா? போன வருசமும் காணோம்."

அப்பாதான் சொன்னார். "தவறிட்டாங்க. போன வருசம் ஜூன் மாசம். நான் அவங்க வீட்டுக்காரன்."

செல்லமுத்து இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கோணும்" என்றார். பிறகு, வாங்க என்று சொல்லிப் பந்தலின் கிழக்கு ஓரத்துக்குக் கூட்டிப் போனார். ஒரே வரிசை, பன்னிரண்டு கொடி.

"இந்த வரிசைக்கு மருந்தடிக்கறதில்லீங்க. ஆடி பொறந்தா டீச்சரம்மா போன் வந்துரும், எனக்கு உட்டு வெய்யுங்கன்னு. கழுவாம ஜாடில போடோணுமாம். பழத்து மேல சாம்பலாட்டம் இருக்குது பாருங்க, அது இருந்தாத்தான் பொங்குமாம். மருந்தடிச்சா கழுவாம போட முடியாதுங்களே."

அப்பா ஒரு பழத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. "நான் மூணு தண்ணி கழுவுனேன் பாப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், சிரித்தபடியே அழுதார். இருபத்தைந்து வருடம் அந்த ஒயினைக் குடித்தவருக்கு அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்கவில்லை. கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னார். கூடவே குடை தூக்கிப் போன எனக்கும் தெரியாது.

செல்லமுத்துவே பத்து கிலோ வெட்டிக் கூடையில் வைத்தார். கிலோ 90 ரூபாய். கூடையைக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போன வருசம் போன் வராட்டியும் உட்டு வெச்சனுங்க. பாதிய குருவி தின்னுருச்சு. இந்த வருசமும் உட்டேன். இனி அடுத்த வருசம் எல்லாத்தோடயும் சேத்தி மருந்தடிச்சரட்டுங்களாண்ணா?"

நியாயமான கேள்விதான். பதினைந்து மாதமாக அடுத்த வாரத்தைப் பற்றிக்கூடப் பேசாத மனிதரிடம் அடுத்த வருடத்தைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அப்பா கூடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அடிக்க வேண்டாங்க. ஆடி பொறந்ததும் நானே போன் பண்றேன்" என்றார். செல்லமுத்துவின் நம்பரை அவரே தன் போனில் ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார், நான் உதவிக்குப் போகவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் பழம். பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் வெயிலில் பழம் துவண்டுவிடும். பிளாஸ்டிக் பை வேண்டாம், கூடை கொண்டுபோங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னால் இன்னொரு நூறு. சாப்பிடுவதற்கு என்றால் பழத்தை நன்றாகக் கழுவுங்கள், மருந்து அடித்தது. எந்தக் கொடியில் வேண்டுமானாலும் கேளுங்கள், செல்லமுத்து வெட்டித் தருவார். கிழக்கு ஓர வரிசையை மட்டும் கேட்காதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறார்.