முருகைக்கல் மேட்டில் மலைச்செடிகள்

ஈரச் சாக்கை அப்பா அவிழ்த்தபோது எழுந்த மணம் எங்கள் தீவுக்கு உரியதல்ல. அது பாசியும் குளிரும் கலந்த கறுத்த மலைமண்ணின் மணம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டு நுவரெலியாவில் இருந்த எங்கள் கடையும் அதனோடு சேர்ந்த வீடும் எரிந்துபோக, உடுத்த உடுப்போடு சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்திருந்தோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று சில மாதங்கள் கழித்துப் பார்க்கப்போன அப்பா, அந்தச் சாக்கை மட்டுமே கொண்டுவந்தார். அந்த வீட்டுக் கொல்லையில் பாறைத் துண்டுகளை அடுக்கி, அவற்றின் இடுக்குகளில் அம்மா வளர்த்த குறுஞ்செடிகள் அதற்குள் இருந்தன. கல்லோடு கல்லாக ஒட்டிப் படர்ந்து, ஆண்டுதோறும் விரல்நுனி அளவில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் அவற்றை அம்மா "கல்லுப்பூ" என்பார்.

"எல்லாம் சாம்பல். இது மட்டுந்தான் பச்சையாக் கிடந்தது," என்றார் அப்பா. கலவரத்தின்போதுகூட அழாத அம்மா, சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அன்று அழுதார்.

வேலியோரத்தில் கிடந்த பவளப்பாறைத் துண்டுகளான முருகைக்கற்களைச் சுமந்துவந்து, வடக்குச் சுவரின் நிழலில் நானும் அம்மாவுமாக மேடு கட்டினோம். எங்கள் கிணறு உவர். ஆகவே தூரத்து நன்னீர்க் கிணற்றிலிருந்து குடிக்கக் கொண்டுவரும் தண்ணீரில் தன் பங்கை மிச்சம் பிடித்து அம்மா செடிகளுக்குத் தெளித்தார். "குடிக்கவே தண்ணி காணாது, நீங்கள் பூவுக்கு ஊத்துறியள்," என்று அயல்வீட்டு அக்கா கடிந்துகொண்டார்.

மழை மாதங்களில் செடிகள் தப்பிப் பிழைத்தன. மாசிக் கடைசியில் ஒன்று மொட்டு வைத்தது. "பிள்ளை, வேர் பிடிச்சிட்டுது," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். எங்களுக்கும் இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன்.

பங்குனி வெயில் தொடங்கியதும் இலைகள் ஓரங்களில் கருகின. ஓலை கட்டி மறைத்தும், நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டும், செடிகள் ஒவ்வொன்றாகப் பொசுங்கின. ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தால் வந்த நான், அம்மா மேட்டருகில் குந்தியிருந்து, மொட்டு வைத்திருந்த அந்தக் கடைசிச் செடிக்குப் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

"இஞ்சை பாரும், நீர் என்ன செய்தாலும் இதுகளுக்கு இந்த வெக்கை ஏலாது. விடும்," என்றார் பின்னால் நின்ற அப்பா.

"அப்ப நாங்கள் மட்டும் எப்பிடி இருக்கிறது?"

அப்பா கிட்ட வந்தார். பக்கத்தில் குந்தி, அம்மாவின் கையிலிருந்த விசிறியை வாங்கித் தானும் விசிறத் தொடங்கினார். நான் புத்தகப் பையோடு நின்றேன். மூவரில் ஒருவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. மொட்டு விரியாமலே காய்ந்தது.

சில ஆண்டுகளில் போர் துரத்த, அந்தத் தீவையும் விட்டு ஓடினோம். பிறகு இருந்த எந்த வீட்டிலும் அம்மா ஒரு செடியும் நடவில்லை. இன்று அவரும் இல்லை, அப்பாவும் இல்லை.

அண்மையில் ஊருக்குப் போனேன். கூரையற்ற வீட்டுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. வடக்குச் சுவரும் மேடும் இருந்த இடத்தில் ஒரு கல்கூட மிஞ்சவில்லை; வெறும் வெள்ளை மண்.

"ஆரைத் தேடுறியள்?" என்று வழியில் போன ஒரு பெண் கேட்டார்.

"ஒருத்தரையும் இல்லை," என்றேன்.