சித்தியின் சம்மட்டி

எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் என் பள்ளிக்கூடப் பைக்குள், கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தது.

சங்கரன்கோவிலில் நான் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் சித்தி, எனக்கு ஒரு நீராவிச் சம்மட்டி செய்து தருவதாகச் சொன்னாள். விக்டோரியா ராணி காலத்து இன்ஜினியர் ஒருவர் கண்டுபிடித்தது அது. கண்ணாடிக் கோப்பையில் முட்டையை நிறுத்தி, அத்தனை பெரிய சம்மட்டியை இறக்கி, கோப்பை உடையாமல் முட்டையின் ஓட்டை மட்டும் கீறிக் காட்டுவாராம். அடுத்த அடியில் கட்டடமே அதிருமாம். வேலையை விட்ட பிறகு தானே தொலைநோக்கி செய்து நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சித்தி பேசுவதைக் கேட்டால் அவர் யாரோ முறைமாப்பிள்ளை என்றுதான் நினைக்கத் தோன்றும்.

நிஜ மாப்பிள்ளை ராயகிரியில் இருந்தார். பெண்ணை வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று அவர்கள் வீட்டில் முன்பே சொல்லிவிட்டார்கள். சித்திக்கோ கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. முதலில் கல்யாணம், மற்றதெல்லாம் புருஷன் பாடு என்று தாத்தா ஒரே போடாகப் போட்டுவிட்டார். சித்தி அழுது பார்த்தாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். பிறகு சம்மட்டியில் இறங்கிவிட்டாள்.

நீராவிக்குப் பதில் சைக்கிள் பம்பு. நான் காற்றடித்தால் இரும்புக் கட்டி மேலே ஏறும். சித்தி காற்றுத் திருகைத் திறந்துவிடுகிற அளவுக்கு அது இறங்கும். சைவ வீடு என்பதால் ஒத்திகையெல்லாம் அப்பளத்தில். பொரித்த அப்பளத்தின் மேல் கட்டி வந்து பூப்போல உட்காரும், ஒரு விரிசல் விழாது. தாத்தா பேப்பர் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் நின்ற சம்மட்டியைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "இது என்னதும்மா?" என்று கேட்டார். நான் பெருமையோடு அப்பளம் எடுக்க ஓடினேன்.

"அப்பளம் வேண்டாம்ட்டி" என்றாள் சித்தி. பட்டுச்சேலையோடு என் பையைத் திறந்து, மறுநாளுக்காக நாங்கள் ஒளித்து வைத்திருந்த முட்டையை எடுத்து டம்ளரில் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் காற்றடித்தேன். முதல் அடியில் ஓட்டில் மெல்லிய கீறல், அவ்வளவுதான். மாப்பிள்ளை, பாவம், கைதட்டிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த அடியில் டம்ளர் நெளிந்து, மஞ்சள் கரு அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

"அய்யோ, கை தவறிட்டு" என்றாள் சித்தி.

கேசரியைக்கூடத் தொடாமல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அம்மா கூடத்தை மூன்று தடவை கழுவினாள். விளக்கு வைத்த பிறகு தாத்தா சித்தியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நெசமாவே கை தவறிட்டா?"

"தவறிட்டுப்பா."

தாத்தா சம்மட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சித்தியைப் பார்த்தார்.

"கோயம்புத்தூர்ல எப்ப வரச் சொல்லிருக்காவ?"

சித்தி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். ஒரு முட்டைக்காகப் பெற்ற மகளை ஊரைவிட்டே அனுப்புகிறாரே என்று தாத்தாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அவளுடைய பெட்டியை அவரே தூக்கி பஸ்ஸில் ஏற்றி வைத்தபோதுகூட, நீட்டிய அவர் கையைப் பிடிக்காமல் தள்ளியே நின்றேன்.