பிரான்காச்சோவின் முறை

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்.

1. இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் பங்குத் தமிழ்ச் சமூகத்தின் பெட்டி, ஆண்டுக்கு ஓரிடமாக மூன்று பகுதிகளைச் சுற்றி வந்தது: சீசா, போர்கோ வெக்கியோ, பிரான்காச்சோ.
2. இனி அது போர்கோ வெக்கியோவிலேயே நிரந்தரமாக இருக்கட்டும் என்று நான் ஒரு தீர்மானம் எழுதினேன்.
3. அடுத்தது பிரான்காச்சோவின் முறை. அங்கே பெட்டியை ஏற்க இருந்தவர் என் மாமி, அப்பாவின் தங்கை.
4. பசிபிக் கடலில் இருக்கும் மூன்று தீவுகளைக் கொண்டு மாமி என்னைத் தோற்கடித்தார்.

பெட்டி என்பது நீல நிறத் தகரப் பெட்டி. குடும்பப் பதிவேடு, ரப்பர் முத்திரை, மண்டபத்தின் சாவி, மாதா திருவிழாவுக்கான கொடிச்சீலை எல்லாம் அதற்குள் இருக்கும். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கவும் பங்குச் சுவாமியாரிடம் கடிதம் வாங்கவும் வதிவிட அனுமதிக்காகக் கொஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் கொடுக்கும் விண்ணப்பத்தை நிரப்பவும் சனம் பெட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் போகும். மாமி இருபது வருடங்களாக மற்றவர்களின் வீடுகளில் வேலை செய்தவர். எந்த எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் எந்த மணி எப்படி ஒலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டு மணியை அடிக்கத்தான் ஆளில்லை. நகர நடுவிலிருந்து இரண்டு பஸ் மாறி யார் பிரான்காச்சோவுக்கு வருவார்கள்? தனது முறை வருகிறது என்று ஆறு பிளாஸ்டிக் கதிரைகள் வாங்கிச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தார். தீர்மானத்தை எழுதும்போது அந்தக் கதிரைகளை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் எழுதினேன்.

அப்போது நான் வரைபடத் தரவுகள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்குத் தனியாகத் தந்த முதல் வேலை டோக்கெலாவ். நியூசிலாந்தின் பொறுப்பிலுள்ள தீவுக் கூட்டம் அது: அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ என்று மூன்று பவளத்தீவுகள். ஒவ்வொன்றும் கடல்நீரைச் சுற்றிப் போட்ட மெல்லிய மண்வளையம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாது. விமான நிலையம் கிடையாது. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் கப்பலில் போகவேண்டும். மக்கள், நிலம், துறை, நிர்வாகம் என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். ‘தலைநகர்’ என்ற கட்டம் மட்டும் மிஞ்சியது. அதை வெறுமையாக விட்டால் மென்பொருள் வரிசை முழுவதையும் நிராகரித்தது.

ஒரு ஞாயிறு மதியம் மாமியின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமி கை துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, அதோடை சண்டை பிடிக்கிறாய்?”

“இந்த நாட்டுக்குத் தலைநகர் இல்லை மாமி. ஒவ்வொரு தீவுக்கும் தனிச் சபை. நாட்டுத் தலைமை வருசத்துக்கு ஒரு தீவாய் மாறுது. அரசாங்கக் கந்தோர் அலுவலகங்களிலை ஒரு பங்கு சமோவாவிலை கிடக்குது.”

“வேறை நாட்டிலையோ? நல்ல சனம்தான்!” மாமி சிரித்தார். “நடுவிலை கிடக்கிறதைப் போட்டிட்டு வா, தேத்தண்ணி ஆறுது.”

நடுவில் கிடப்பது நுக்குனோனு. பரப்பிலும் அதுதான் பெரியது. நான் அதைப் போடவில்லை. அது பிழை என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமே என் தீர்மானத்தில் ‘போர்கோ வெக்கியோ நகரின் நடுவில் இருப்பதால்’ என்று எழுதியபோது மட்டும் அந்தப் பிழை எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடந்தது. மூன்று பகுதிகளிலிருந்தும் பஸ் பயண நேரத்தைச் சுவரில் படமாகக் காட்டினேன். என் கணக்கில் பிழையில்லை. சமூகத்தின் தலைவர் தலையாட்டினார். சீசா ஆட்களும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் மாமி எழுந்தார்.

“பிள்ளை, நீ வேலை செய்யிற அந்தத் தீவுகள் கிட்டக் கிட்டவோ?”

“இல்லை மாமி.”

“பஸ் ஓடுதோ?”

மண்டபம் சிரித்தது. “கப்பல்தான்,” என்றேன்.

“தலைமை எங்கை இருக்குது?”

‘அது வேறை, இது வேறை’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் நான் சரிபார்த்த தரவு அது. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. “ஒவ்வொரு வருசமும் ஒரு தீவிலை,” என்றேன்.

“ஏன்? நடுவிலை வைச்சா லேசெல்லோ? அவைக்கு உன்னை மாதிரிப் படிச்ச ஆக்கள் இல்லையோ?”

அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. யாரோ ஒருவர், “அவை கப்பலிலை போயினமாம், நாங்கள் பஸ்சிலை போகமாட்டமோ!” என்று கத்தினார். மாமி மட்டும் சிரிக்கவில்லை. “எங்கடை முறையைத் தாங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் நானே தீர்மானத்தை மீளப் பெற்றேன். தேவாலயத்துக்கும் என் அலுவலகத்துக்கும் அருகில் இருந்த இடத்தைத்தான் நான் நடு என்று எழுதியிருந்தேன். பிரான்காச்சோ ஆட்கள் தினமும் விடிய முன்னம் அந்த ‘நடு’வுக்கு வேலைக்கு வருகிறவர்கள். மூன்று வருடத்தில் ஒரு வருடமாவது மற்றவர்கள் தங்களிடம் வரவேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. அது என் படத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு பதிவேட்டைக் கணினியில் ஏற்ற நானும் இரண்டு பஸ் பிடித்தேன். மாமி கதவைத் திறந்து, “வா மருமோளே, பஸ் கிடைச்சுதோ, இல்லாட்டிக் கப்பலோ?” என்றார். உள்ளே ஆறு கதிரைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே தட்டச்சு செய்தேன். அதற்கு முன்பே, கூட்டம் முடிந்த வாரத்தில், அலுவலகத்தில் ‘தலைநகர்’ கட்டத்தை வெறுமையாக விட அனுமதி கேட்டிருந்தேன். எங்கள் இஞ்சினியர் மென்பொருளைத் திருத்தித் தந்தார்.

மாமி இப்போது இங்கிலாந்தில் மகனோடு இருக்கிறார். பிரான்காச்சோவிலிருந்து பல குடும்பங்கள் போய்விட்டன. இந்த ஆண்டு அதன் முறை வந்தபோது, நாலு வீட்டுக்காகப் பெட்டி ஏன் அங்கே போகவேண்டும் என்று ஒருவர் கேட்டார். இம்முறை பதில் சொன்னவள் நான். நாலு வீடும் முறைக்குரிய வீடுகள் என்றேன். பெட்டி அங்கேயே போகட்டும் என்று வாக்கெடுப்பில் நிறைவேறியது.

பெட்டி பிரான்காச்சோவில், அந்த நாலு வீடுகளில் ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் போகலாம்.