ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள்

இன்று எடப்பாடியிலிருந்து சேலம் வரும் பேருந்தில் யாரோ கைபேசியில் செய்தியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். மக்கள்தொகைப்படி மக்களவைத் தொகுதிகளைப் பிரித்தால் நம் மாநிலத்தின் பங்கு குறையுமாம்.

பக்கத்து இருக்கை அக்கா தறி ஓட்டுகிறவர். என்னைத் தட்டினார்.

"ஏனுங்க, ஒண்ணு போதும்னு ஊடு ஊடா வந்து சொன்னது கவர்மெண்டு ஆளுகதானுங்களே? இப்ப ஆளு கம்மின்னா எப்படிங்க?"

கண்டக்டர் திரும்பினார். "இன்னொண்ணு பெத்துக்கோங்கக்கா, அரை டிக்கெட் நான் போடறேன்!"

பேருந்தே சிரித்தது. "போ சாமி, எனக்கு அம்பது ஆச்சு" என்று அக்காவும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நூல் வெல ஏறுனா டெல்லிக்குப் போய்ப் பேச நமக்கு ஆளு வேணுமில்லீங்களா?"

 

எனக்கும் ஒரே மகள். நன்றாகப் படிக்க வைக்கலாம் என்று பெருமையாக எடுத்த முடிவு அது. அடுத்த தேர்தலில்தான் அவளுக்கு முதல் ஓட்டு. அது கையில் வரும்போதே எடை குறைந்து வருமோ?

இறங்கும்போது அக்கா கேட்டார். "உங்களுக்கு எத்தனைங்க?"

"ஒண்ணுதாங்க" என்றேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் குரல் தயங்கியது.

உங்கள் வீட்டில் எத்தனை பேர்? மெதுவாகச் சொல்லுங்கள், டெல்லிக்குக் கேட்டுவிடப் போகிறது.